உயிர் காத்தோருக்கு அரசு அளிக்கும் சிறப்பு

பிறர் உயிரைக் காக்கும்பொருட்டுத் தன் உயிரைப் பணயம் வைத்தவனை ஊரார் மறத்தலாகாது என்பது நம் முன்னோர் கொண்டிருந்த கொள்கை. அதற்காகவே அவர்கள் கல் நாட்டினார்கள். ஆநிரையை மீட்கப் போராடி மாண்டவனுக்கும், புலியை எதிர்த்து வீழ்ந்தவனுக்கும் எடுத்த நடுகற்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றும் ஏராளமாகக் காணக் கிடைக்கின்றன. எல்லையைக் கடந்து கர்நாடகத்திற்குள் வந்துவிட்டால் அதே கல்லுக்கு வீரகல் என்று பெயர். அத்திபெலேயிலிருந்து பெங்களூர் செல்லும் சாலைக்கு மேற்கே உள்ள பேகூரில், ஏறத்தாழக் கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த வீரகல் ஒன்று உண்டு. பெங்களூர் என்னும் ஊர்ப்பெயருக்குப் பழைய சான்றாக அறிஞர் காட்டுவது அந்தக் கல்லைத்தான். ஒரு தலைவனைச் சார்ந்திருந்த வீரன் போரில் இறந்ததைச் சொல்வதற்காக அது நாட்டப்பட்டது. மாநகரத்தின் பெயர் அதில் போகிற போக்கில் வந்து சேர்ந்தது!

இக்காலத்தில் கல்லின் இடத்தைப் பதக்கம் பெற்றிருக்கிறது. போர்க்களத்தில் நின்ற சிப்பாய்க்கு உரிய விருதுகளை நாம் செய்தித்தாள்களில் படிக்கிறோம். கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கும், எரியும் குடிசைக்குள் புகுந்து கிழவியை வெளியே கொணர்ந்த தொழிலாளிக்கும் இந்திய அரசு பதக்கம் அளிக்கிறது என்பதை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 'ஜீவன் ரக்ஷா பதக்' என்பது அதன் பெயர். உயிர்காப்புப் பதக்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1961-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் இது நிறுவப்பெற்றது. நீரில் மூழ்குதல், தீ, விபத்து, மின்சாரத் தாக்கு, நிலச்சரிவு, விலங்கின் தாக்குதல், சுரங்க விபத்து ஆகியவற்றிலிருந்து மனித உயிரைக் காத்தவர் இதற்கு உரியவர். ஆண், பெண், தொழில் என்ற வேற்றுமை கிடையாது. இராணுவத்தினரும் போலீசாரும் தீயணைப்புப் படையினரும் தம் கடமைக்கு அப்பாற்பட்டுச் செய்த செயலுக்கு மட்டுமே இதைப் பெற முடியும். எனவே இது முதன்மையாகச் சாதாரண மக்களுக்கென்றே ஏற்பட்ட பதக்கம்.

இதில் மூன்று படிகள் உள்ளன. காப்பாற்றப் போனவரின் உயிருக்கே மிகப் பெரிய அபாயம் நேர்ந்த சூழ்நிலையில் செய்த செயலுக்குச் 'சர்வோத்தம்'. பெரும் அபாயம் இருந்திருப்பின் 'உத்தம்'. உடலுக்குக் கடுமையான ஊறு நேரக்கூடிய நிலையில் செய்ததற்கு மூன்றாவது படியான பதக்கம். எத்தனை பேரைக் காத்தார் என்பதைவிட எவ்வளவு ஆபத்தை மேற்கொண்டார் என்பதே இங்கு அளவுகோல். இந்த அளவுகோல் முற்றிலும் சரியா என்பதில் நமக்கு ஓர் ஐயம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

குடியரசு நாளையொட்டிப் பெயர்கள் அறிவிக்கப்படுகின்றன. 2024-ஆம் ஆண்டு 31 பேருக்கும், 2025-ஆம் ஆண்டு 49 பேருக்கும் இச்சிறப்புக் கிடைத்தது. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் ஓராண்டில் உயிரைத் துச்சமாக மதித்துப் பிறரைக் காத்தவர் இவ்வளவு பேர்தாமா? ஏரியும் குளமும் ஆறும் கடலும் உள்ள ஒரு மாவட்டத்திலேயே இதைவிட மிகுதியானவர் இருப்பார்கள். குறைவு வீரத்தில் இல்லை. அதை எழுதி அனுப்புவோர் குறைவு. மாநில அரசோ, மத்திய அமைச்சகம் ஒன்றோ பரிந்துரைத்தாலன்றிப் பெயர் டில்லிக்குச் செல்லாது. மாநில அரசுக்கு மாவட்ட நிர்வாகம் எழுத வேண்டும். மாவட்ட நிர்வாகத்துக்கு யாரேனும் ஒருவர் மனுக் கொடுக்க வேண்டும். அந்த 'யாரேனும் ஒருவர்' என்ற இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. செயல் நடந்து இரண்டாண்டுகளுக்குள் பரிந்துரை போய்ச் சேர வேண்டும் என்ற கெடுவும் உண்டு.

சொந்த ஊரில் இருப்பவனுக்கு இந்த 'யாரேனும் ஒருவர்' எளிதில் கிடைத்துவிடுகிறார். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்ததை அன்பர்கள் நினைவு கூரலாம். குளிக்க இறங்கிய இளைஞர் நால்வர் ஆழத்தில் சிக்கிக்கொண்டனர். துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள், கயிறும் கழியும் தேடி ஓடிக்கொண்டிராமல், தாம் உடுத்தியிருந்த சேலைகளையே அவிழ்த்து நீரில் வீசினார்கள். இருவர் அவற்றைப் பற்றிக்கொண்டு கரையேறினர். மற்ற இருவர் மாண்டனர். நாணத்தையும் அச்சத்தையும் ஒரு கணத்தில் ஒதுக்கி வைத்த அந்தச் செயலை ஊர் பார்த்தது, பத்திரிகைகள் எழுதின, அதே மாதம் 15-ஆம் நாள், சுதந்திர தின விழாவில், வீரப் பெண்களுக்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் கல்பனா சாவ்லா விருது மூவருக்கும் அளிக்கப்பட்டது. பத்து நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருவரை இழந்த துயரத்தை அது ஆற்றாது என்பது உண்மையே. ஆயினும் காத்தவர்களை யாரும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்கள் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அத்திபெலேயில் வாழும் நம் நிலை அதுவன்று. பெங்களூர் நகர மாவட்டத்து ஆனேக்கல் தாலுகாவின் கோடியில், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாம் குடியிருக்கிறோம். சுங்கச் சாவடியைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் ஓசூர் வட்டாரம். ஒரு வேலை முடிந்தால் வேறு வேலை, ஒரு வாடகை வீடு கட்டுப்படியாகாவிட்டால் மற்றொன்று என்று மாறிக்கொண்டிருப்பவர் நம்மில் பலர். மேஸ்திரியின் கணக்கு நோட்டில் 'தர்மபுரி முருகன்' என்று மட்டுமே எழுதியிருக்கும். தகப்பன் பெயரும் இராது, முகவரியும் இராது. அந்த முருகன் நாளை ஒருவரைக் காப்பாற்றினால் அவரை எங்கே போய்த் தேடுவது?

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் அத்திபெலேயில் பட்டாசுக் கிடங்கு தீப்பற்றி எரிந்ததை நாம் மறக்கவில்லை. தீபாவளிக்கு முன்பு நாலு காசு சம்பாதிக்கலாம் என்று தர்மபுரி, கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்களே மாண்டவரில் பெரும்பாலோர். முதல் கணக்கில் 14 பேர். சிகிச்சை பலனின்றி மேலும் சிலர் இறந்தபின் அத்தொகை உயர்ந்தது. மாண்டவர் பெயர்கள் எழுதப்பட்டன; நிவாரணத் தொகைகள் அறிவிக்கப்பட்டன. அவை வேண்டியவையே. இனி இத்தகைய விபத்து நேராதிருக்க வேண்டும். நேர்ந்தால், இறந்தவர் பட்டியலோடு காத்தவர் பட்டியலையும் அந்த வாரத்திலேயே எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்க வேண்டும்.

கடல் கடந்து சென்ற நம்மவர்க்கு இவ்வாண்டுகளில் கிடைத்த சிறப்பை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2025-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மாலை, சிங்கப்பூரில் தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென நிலம் உள்வாங்கியது. காரோடு ஒரு பெண்மணி குழிக்குள் விழுந்தார். அருகில் வேலை செய்துகொண்டிருந்த எழுவர் அவரைச் சில நிமிடங்களில் மேலே தூக்கினர். அவர்களுடைய ஃபோர்மேன் பிச்சை உடையப்பன் சுப்பையா தமிழ்நாட்டிலிருந்து சென்று நெடுங்காலம் அங்கு உழைப்பவர். கீழே குதிக்க முற்பட்டவர்களை அவர் தடுத்தார். மண் மேலும் சரியக்கூடும் என்பதை அனுபவத்தால் அறிந்து, நைலான் கயிற்றை வீசச் செய்தார். அந்நாட்டு மனிதவள அமைச்சு எழுவருக்கும் பாராட்டு நாணயம் வழங்கியது. குடியரசுத் தலைவர் தர்மன் தம் மாளிகைக்கு அவர்களை அழைத்தார். வெறும் நாணயந்தானா என்று பொதுமக்கள் சிலர் கேட்டனர். தொண்டு அமைப்பொன்று நிதி திரட்ட, 72,000 வெள்ளிக்கும் மேல் சேர்ந்து எழுவருக்கும் பங்கிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், ரிவர் வேலி சாலைக் கட்டடத் தீயிலிருந்து சாரங்கட்டின் வழியே சிறுவர்களை இறக்கிய வெளிநாட்டுத் தொழிலாளரும் பாராட்டப் பெற்றனர். அவர்களிலும் தமிழர் உண்டு. அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலை அனுமதிச் சீட்டு உண்டு. எந்த இடத்தில் எந்த நிறுவனத்துக்கு வேலை செய்கிறார் என்ற பதிவு உண்டு. எனவே இன்னார் செய்தார் என்று கண்டுபிடிப்பது கடினமன்று.

முன்பு குறிப்பிட்ட ஐயத்தை இங்கே சொல்லிவிடுகிறோம். சுப்பையாவின் செயல் நம் நாட்டில் நடந்திருந்தால் எந்தப் படியில் அமையும்? ஆபத்தை அளந்து பதக்கம் தருவதானால், குழிக்குள் குதித்திருந்தால் உயர்ந்த படியும், குதிக்காமல் கயிறு வீசியதற்குத் தாழ்ந்த படியும் கிடைக்கலாம். கயிறு வீசியவனே மேல் என்பது நம் கருத்து. நீச்சல் அறியாமல் குதித்து இரண்டு உயிர்கள் போன செய்திகளை நாம் ஆண்டுதோறும் படித்துவருகிறோம்.

இனி, சாலை விபத்து. நம் வாசல் முன்னே ஓடும் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொட நம்மவர் தயங்குகிறார்கள். போலீசு, சாட்சி, கோர்ட்டு என்ற அச்சம் ஒருபுறம், மொழி மற்றொருபுறம். இந்த அச்சத்துக்குச் சட்டத்தில் இன்று இடமில்லை. உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் சட்டத்தின் வலிமை அளித்தது. கர்நாடகம் அதே ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு நாடு முழுமைக்கும் அதை உறுதிப்படுத்தியது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தன் பெயரைச் சொல்லாமலே ஒருவர் வீடு திரும்பலாம். பெயரைச் சொல்லும்படி எவரும் வற்புறுத்தக் கூடாது.

இதில் ஒரு முரண் இருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பெயர் சொல்லாமல் போகலாம் என்கிறது சட்டம். பெயர் எழுதப்படாவிட்டால் பதக்கமும் இல்லை, பரிசும் இல்லை. முதல் உரிமையை மட்டும் நம்மவர் தாமாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். கடும் விபத்தில் சிக்கியவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்த்தவருக்கு மத்திய அரசு 2021-இல் 5,000 ரூபாய் பரிசு ஏற்படுத்தியது. 2025-இல் 'ராஹ்வீர்' என்ற பெயரில் அது 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அன்றாடக் கூலிக்காரருக்கு அது இரண்டு மாதச் சம்பளம். ஆயினும் மருத்துவமனையிலோ போலீசு நிலையத்திலோ பெயர் பதிவானவருக்கே அத்தகைய பரிசு எட்டும். புகழை விரும்பாமல் பெயரை மறைப்பது பெருந்தன்மை. பயந்து மறைப்பது வேறு. நம்மிடையே நடப்பது பெரும்பாலும் இரண்டாவதே என்று அஞ்சுகிறோம்.

ஆகவே நம் வீடுகளில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. காத்தவர் தாமே மனு எழுதிக்கொள்வது நம் மரபுக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். அண்டை வீட்டார் எழுதலாமே! நாள், நேரம், இடம், நடந்தது என்ன, உடனிருந்து பார்த்தவர் யார் என்பவற்றை மறுநாளே எழுதி, பார்த்தவர் இருவரிடம் கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும். போலீசு நிலையத்தில் பதிவாகியிருந்தால் அதன் நகல், காயம் பட்டிருந்தால் மருத்துவச் சீட்டு, பத்திரிகைச் செய்தி ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது நலம். இங்கு கலெக்டர் என்று யாரும் சொல்வதில்லை. டெபுடி கமிஷனர் அலுவலகம் என்றே கேட்க வேண்டும். மனு கன்னடத்தில் இருந்தால் நல்லது. பெற்றோர் பேச மட்டும் அறிந்த மொழியை இங்குள்ள பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பிழையின்றி எழுதுகிறார்கள். அந்தக் கல்வி இதற்குப் பயன்படட்டும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. வீரச் செயல் புரிந்த சிறுவருக்கு ஹொய்சளர் பெயராலும், சிறுமியருக்குக் கெளதி சென்னம்மா பெயராலும் கர்நாடக அரசு விருது வழங்கிவருகிறது. ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்க்கு உரிய விருதுகள் இவை. பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்தால் விவரம் கிடைக்கும்.

மனுவைக் கொடுக்கும்போது அதன் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுவிட வேண்டும். வீடு மாறுவோர் புது முகவரியை அதே அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தின் மூலம் தெரிவிக்க வேண்டும். இரண்டாண்டுக் கெடு செயல் நடந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. மனுக் கொடுத்த நாளிலிருந்து அன்று.