மாடு படுக்கும் இடம்

ஏற்காட்டுப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்கப் போயிருந்தோம். நானும் மனைவியும், தங்கையும் மாப்பிள்ளையும், நான்கு பிள்ளைகளும். குட்டையை ஒட்டிப் பச்சைப் புல். பக்கத்தில் மூங்கில் புதர், தலைக்கு மேல் பலா நிழல். தண்ணீரில் ஒரு சுருக்கம் கிடையாது, அவ்வளவு அமைதி. ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது தோட்டக் காவல்காரர் வந்து நின்று பார்த்தார். “சார், மாடுகூட இங்க படுக்காது,” என்றார். சிரித்துவிட்டு மிச்ச ஆணிகளையும் அடித்தேன். ராத்திரி பத்து மணிக்கு எட்டுப் பேரும் இரண்டு கார்களுக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொறிந்துகொண்டிருந்தோம்.

அவர் கேலி பேசவில்லை, பூச்சியியல் பேசியிருக்கிறார். துருவத்தை ஒட்டிய நாடுகளில் கோடை வந்தால் ரெயின்டீர் மான்கள் உருகாமல் மிஞ்சிய பனித்திட்டுகளிலும், காற்று வீசும் முகடுகளிலும் போய்க் கூட்டமாக நிற்கும். அங்கே மேய்ச்சல் ஒன்றும் பெரிதாக இல்லை. பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, கடி தாங்க முடியவில்லை என்கிற கணக்கு அது.

அந்தக் கணக்கின் மையம் காற்று. கொசு பறக்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். தாத்தா காலாற நடந்தாலே அதை முந்திவிடுவார். இரண்டு மூன்று மில்லிகிராம் எடையுள்ள உடம்பு, எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் இலைக்கு அடியில் ஒடுங்கிவிடும். காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. நாம் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத்தான் கொசு தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்து வருகிறது. காற்றில்லாத குழிவான இடத்தில் அந்த மூச்சு ஒரு கயிறு போல நீண்டு கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். வீசும் காற்றில் கயிறு துண்டு துண்டாகிவிடும். டென்ட் வாசலில் பேட்டரி மின்விசிறி ஒன்றைச் சுழலவிடுவதன் பலனும் இதுதான்.

ஸ்காட்லாந்து மலைகளில் மிட்ஜ் என்று ஒரு பொடி ஈ. நீளம் இரண்டு மில்லிமீட்டருக்குள். கோடையில் இன்று எந்தப் பகுதியில் எவ்வளவு மிட்ஜ் என்று மழை அறிவிப்பு போலவே அங்கே முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். மணிக்குப் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் அது பறக்காது என்பது அந்தக் கணிப்பின் முக்கியமான அடிப்படைகளில் ஒன்று. மிட்ஜ் சேர்ந்த குலிகாய்ட்ஸ் என்ற பேரினத்து ஈக்கள் நம் ஊரிலும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருபவை அவைதான். மழை நாளில் பட்டியைச் சேற்றிலிருந்து மேட்டுக்கு மாற்றும் ஆட்டுக்காரர், பெயர் தெரியாமலேயே அவற்றிடமிருந்து விலகுகிறார். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் இந்த ஈ நுழைந்துவிடும் என்பதால், டென்ட் வாங்கும்போது வலையின் நெருக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

காற்றுக்கு அடுத்தது தண்ணீர். குளம் குட்டையை எல்லோரும் சந்தேகிப்போம். எங்கள் விஷயத்தில் குட்டை பாதிக் குற்றவாளிதான்; மீன் இருக்கிற குட்டையில் கொசுப்புழு பிழைப்பது கடினம். வெட்டிய மூங்கில் கணுவில் நிற்கும் ஒரு கை நீர், பலாமரப் பொந்து, கீழே விழுந்த பாக்குப் பாளை, யாரோ வீசிய தேநீர்க் கோப்பை. ஏடிஸ் கொசுவுக்கு இவை போதும். கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களில் பால் வடியும் சிரட்டையில் மழைநீர் நின்றால் அதுவும் தொட்டில்தான். ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆகவே டென்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்து இவற்றைக் கவிழ்த்தால் பலன் உண்டு. ஆனால் அது பகலில் கடிப்பது. குறிப்பாகக் காலையிலும் மாலை மயங்கும் நேரத்திலும். ராத்திரி வருபவை வேறு ஆட்கள்.

ஓடும் நீர் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. பாறையில் மோதி ஓடும் ஓடையில்தான் கடுகளவு கருப்பு ஈயின் புழு கல்லைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. அருவியோரம் கால் நனைத்துக்கொண்டிருக்கும்போது கணுக்காலில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் அதன் வேலையாக இருக்கலாம். ஒரே ஆறுதல், அது பகல் வெளிச்சத்தில் மட்டும் கடிக்கும். டென்டுக்குள் மாட்டிக்கொண்டால் கடிப்பதை மறந்து வெளியேற வழி தேடித் துணியில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

உயரமும் உதவும். 1897 ஏப்ரலில் ரொனால்ட் ராஸ் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். மேலே 2,200 மீட்டர் உயரத்துக் குளிர். கீழே சீகூர்ச் சரிவில் காய்ச்சலுக்குப் பேர்போன தோட்டங்கள். அங்கே இறங்கிப் போனவருக்குச் சில நாளிலேயே மலேரியா. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாதில், அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902இல் நோபல் பரிசு. ஒரே மலையின் தலைக்கும் காலுக்கும் இத்தனை வித்தியாசம் ஏன்? ஏறக்குறைய 16 டிகிரிக்குக் கீழே அந்தக் கிருமி கொசுவுக்குள் முதிர்வதில்லை. 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான கொசுக்களே சுருண்டுவிடும். மார்கழி ராத்திரியில் கொடைக்கானல் போனவர்களுக்கு இது தெரியும். பிள்ளைகள் நடுங்குவது தனிக் கதை.

எங்களை ஏமாற்றிய புல்லுக்கு வருகிறேன். முழங்கால் உயரப் புல்லும் புதரும் சேரும் விளிம்பில் இருப்பது பூச்சியே அல்ல, எட்டுக்கால் உறவினர்கள். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸ், அங்கிருக்கும் நுண்சிலந்தியின் ஆறுகால் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போலக் கருகியிருக்கும்; இடுப்பு மடிப்பு, அக்குள் என்று மறைவாக. முகாம் போய் வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் “காட்டில் தங்கினோம்” என்று முதலில் சொல்லிவிடுங்கள். நேரத்தில் தெரிந்தால் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துக்கு அடங்கும்.

புகை போட்டால் என்ன? தொழுவத்தில் வேப்பிலை, நொச்சி போட்டு மூட்டம் போடுவது நாம் பார்த்ததுதான், ஓரளவு விரட்டும். சிக்கல் எங்கே என்றால், மலையில் கொசு குறைந்திருக்கும் மாசி, பங்குனியில்தான் புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதங்களில் கொசுவுக்காக நெருப்பு மூட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்கு டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு எவ்வளவோ மேல். அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு 1957இல் பொதுமக்களுக்கு வந்தது. அளவு கூடினால் காக்கும் நேரம்தான் நீளும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம். சிறு பிள்ளைகளின் உள்ளங்கையிலும் தடவக் கூடாது, வாய்க்குப் போகும். காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டும் கைப்பேசிச் செயலியை மாப்பிள்ளை இறக்கிவைத்திருந்தார். அதிகம் கடிபட்டவர் அவர்தான். இனிப்பு ரத்தம் என்று தங்கை கேலி செய்தாள். ரத்தம் காரணமல்ல, தோல். 2022இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம் சுரப்பவர்களையே ஏடிஸ் தேடிப் போகிறது என்று கண்டார்கள். அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, மூச்சை மோப்பம் பிடித்த கொசு சிவப்பு, ஆரஞ்சு, கருப்பு நிறங்களை நாடுகிறது, பச்சையையும் வெள்ளையையும் கண்டுகொள்வதில்லை என்றது. எங்கள் டென்ட் ஆரஞ்சு.

மறுநாள் காவல்காரரிடமே கேட்டோம். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, மரமில்லாத, புல் குட்டையான ஒரு திட்டைக் காட்டினார். பாறை, சரிவு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கால் மணி நேரம் நடக்க வேண்டும். படத்துக்கு உதவாத இடம். டென்ட் துணி ராத்திரி முழுக்கப் படபடத்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் அசந்து தூங்கினார்கள்.

விடிந்து ஜிப்பைத் திறந்தால், பத்தடி தள்ளி அவருடைய இரண்டு மாடுகளும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பிள்ளைகள் ஓடிப்போய்த் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நானும் போய்க் குனிந்து பார்த்தேன். செவலையின் காதோரம் கடலைப் பருப்பளவில் மூன்று உண்ணிகள்.