தன்னையே உண்ணும் உயிரணுவும் நீரிழிவுக் கண்ணோயும்

நீரிழிவு நோயினர் காலில் சிறு புண் கண்டாலும் அஞ்சுவர்; கண்ணைப் பற்றிக் கவலை கொள்வோர் சிலரே. பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரையில் கேடு தொடங்கிவிடக்கூடும். அஃது எங்ஙனம் தொடங்குகிறது? இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதியை அறிவியலார் இன்று உயிரணுவின் உள்ளேயே தேடுகின்றனர்.

உயிரணு ஒரு சிறு இல்லம் போன்றது. நாள்தோறும் அதனுள் சிதைந்த புரதங்களும் பழுதுற்ற உறுப்புகளும் சேர்கின்றன. இரட்டைச் சவ்வு ஒன்று பைபோல் அவற்றைச் சூழ்ந்து மூடிக்கொள்கிறது. பின்னர் அப்பை, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம் என்னும் மற்றொரு பையோடு இணைகிறது. உள்ளிருப்பவை அமினோ அமிலம் முதலிய மூலப்பொருள்களாகப் பிரிந்து, புதிய ஆக்கத்துக்கு மீண்டும் பயன்படுகின்றன. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் 1963-இல் இதற்கு ‘ஆட்டோஃபேஜி’ எனக் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். தமிழில் ‘தன்னுண்ணல்’ எனலாம். ஈஸ்ட்டைக் கொண்டு இதன் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி, 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

விழித்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உடலில் உயிர்வளியை மிகுதியாகச் செலவிடும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. ஆற்றல் தரும் இழைமணிகள் அங்கே ஓயாது உழைத்துப் பழுதுறுகின்றன. விழித்திரையின் நரம்பணுக்களோ, தோலணுக்களைப் போல உதிர்ந்து புதிதாய்ப் பிறப்பன அல்ல. வாழ்நாள் முழுதும் அவற்றைக் கொண்டே நாம் காண வேண்டும். ஆதலின் உள்துப்புரவு அங்கே இன்றியமையாதது.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது இழைமணிகள் தீங்கு செய்யும் உயிர்வளிப் பொருள்களை மிகுதியாக வெளிவிடுகின்றன. மிதமான நெருக்கடியில் தன்னுண்ணல் பெருகி உயிரணுவைக் காக்க முயல்கிறது. நெருக்கடி நீடித்தால் நிலைமை மாறுகிறது. விழித்திரையிலுள்ள முல்லர் அணுக்களை மிகுந்த சர்க்கரையில் வைத்து ஆய்ந்தபோது, பைகள் உருவாயின. ஆனால் லைசோசோம்கள் சரிவரச் செரிக்கவில்லை. குப்பையை அள்ளிக் கட்டியாயிற்று. கொண்டு செல்ல வண்டி வரவில்லை என்பது போன்ற நிலை இது. அவ்வணுக்கள் இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தை மிகுதியாக வெளியிட்டன, பல மடிந்தன. நோய் முற்றும்போது வலுவற்ற புதுக் குழாய்களை முளைக்கச் செய்வது அப்புரதமே. அவை உடைந்து கண்ணுள் குருதி பரவினால் பார்வை மறையும்.

அங்ஙனமாயின் தன்னுண்ணலைத் தூண்டினால் நோய் தீருமோ? அத்துணை எளிதன்று. அளவு மிஞ்சினால் அதுவே உயிரணுவின் அழிவுக்குத் துணையாகலாம். பசி தன்னுண்ணலைத் தூண்டும் என்பதைக் கேட்டு, இன்சுலின் கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடத்தல் பெருந்தீங்கு. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரும்.

கைகண்ட வழிகள் வேறு. முதல்வகை நீரிழிவினரிடம் நடத்தப்பெற்று 1993-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோருக்குக் கண்ணோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. முற்றிய நோய்க்கு லேசர் ஒளியும், முன்சொன்ன புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்தும் உள்ளன. ஆயினும் இழந்த பார்வையை முழுதும் மீட்டல் அரிது. ஆகவே நீரிழிவுள்ளோர், எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதே என்று வாளாவிராமல், மருத்துவர் குறித்த காலந்தோறும் விழித்திரையைச் சோதித்துக் கொள்க. படிப்பதையும் படிப்பிப்பதையும் தொழிலாகக் கொண்ட நமக்குக் கண்ணினும் பெரிய கருவி வேறில்லை.