கதவைத் தட்டினா போதும்

"அங்க போய் அப்படி என்னதான்டா படிக்கிற?"ன்னு ஊர்ல இருந்து போன் பேசும்போதெல்லாம் சித்தப்பா கேப்பார். "செல் சிக்னலிங்"னு சொன்னா, "செல்போனா?"ம்பார் :-) அவருக்கும், இதே சந்தேகம் இருக்கிற மத்தவங்களுக்கும் இது.

தெருநாய் துரத்துதுன்னு வெச்சுக்கங்க. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகுது, இதயம் படபடன்னு அடிக்குது. வேடிக்கை என்னன்னா, அட்ரினலின் செல்லுக்குள்ள போறதே இல்லை. செல்லைச் சுத்தி இருப்பது கொழுப்பாலான சவ்வு. தண்ணியில கரையற அட்ரினலினால அதைத் தாண்ட முடியாது. வாசல்ல நின்னு தட்டிட்டுப் போயிடும்.

தட்டறது ரிசப்டர்ங்கற புரதத்தை. தமிழ்ல ஏற்பி. துணியில நூல் ஓடற மாதிரி சவ்வுக்குள்ள ஏழு தடவை போய் வந்திருக்கும். வெளிப்பக்கம் அட்ரினலின் வந்து உக்காந்ததும் ஏற்பியின் வடிவம் மாறி, உள்பக்கம் ஒரு இடுக்கு திறக்கும். அதுல ஜி-புரதம் வந்து பொருந்தி 'ஆன்' ஆகும். அது ஒரு நொதியை முடுக்கிவிட, சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு குவியும். செல்லுக்குள்ள செய்தி பரவறது இப்படித்தான். இதே குடும்பத்து ஏற்பி ஒன்று ஜி-புரதத்தோடு சேர்ந்திருக்கும் அமைப்பை 2011-ல் பிரையன் கோபில்கா குழு வெளியிட்டது. 2012 வேதியியல் நோபல் அவருக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் கிடைத்தது.

எல்லாரும் 'ஆன்' பத்தித்தான் பேசறாங்க. என்னைக் கேட்டா 'ஆஃப்'தான் முக்கியம். ஜி-புரதம் கொஞ்ச நேரத்துல தானே அணைஞ்சிடும். அணையலைன்னா?

அதுதான் காலரா. இதே ஜி-புரதம் குடல் செல்லிலும் இருக்கு. காலரா கிருமியின் நச்சு அதை அணைய விடாம பூட்டிடுது. சைக்ளிக் ஏஎம்பி குவிய, குளோரைடு குடலுக்குள் கொட்டும், பின்னாடியே தண்ணியும். நோய் முத்தினா மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம். இந்த நச்சு இருக்குன்னு 1959-ல் காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே.

1971 பங்களாதேஷ் போர். பன்காவ் அகதிகள் முகாமில் காலரா, ஊசி வழியா ஏத்தற சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைச்ச தண்ணியைக் குடிக்கக் கொடுத்தார். நூத்துக்கு 30 பேர் வரை செத்துக்கிட்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது.

எப்படி? குளுக்கோஸையும் உப்பின் சோடியத்தையும் ஜோடியா உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று குடலில் தனியா இருக்கு. காலரா நச்சு அதைக் கெடுப்பதில்லை. ஜோடி உள்ளே போனா தண்ணியும் கூடவே போகும். ஓஆர்எஸ் பாக்கெட்டில் சர்க்கரை இருப்பது ருசிக்காக இல்லைங்க. பூட்டின சுவிட்சை அது தொடறதில்லை, பக்கத்துக் கதவு வழியா உயிரைக் காப்பாத்துது.