புயற்காலத்திற்கு முன் பழமரங்களைச் செப்பனிடுதல்

கீழ்க்கரை ஜில்லாக்களில் பனியால் மரங்கள் கெடுவதில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையில் வீசும் புயற்காற்றே அவற்றிற்குச் சத்துரு. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலில், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் ஏராளமாய்ச் சாய்ந்தன. பாட்டன் வைத்த பலாவுக்கு ஈடாக மறுவருஷமே ஒன்றைக் காய்க்கச் செய்ய எவராலும் இயலாது.

புயல் எச்சரிக்கை கேட்டபின் அரிவாளைத் தேடுவதில் பயனில்லை. மா, பலாவைக் கவாத்துச் செய்யத் தக்க காலம், காய்ப்பு ஓய்ந்து பெருமழை பிடிக்குமுன் உள்ள ஆவணி மாதமாகும். பட்ட கிளைகளையும், ஒன்றோடொன்று உராய்வனவற்றையும், உள்ளே நெருங்கியவற்றையும் நீக்கினால் காற்று மரத்தினூடே புகுந்து செல்லும். பலா அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்ப்பதாகையால், வெளிச்சிம்புகளைக் குறைப்பதனால் மகசூல் குன்றும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மரத்தின் தலையை மொட்டையாக வெட்டும் வழக்கம் மிகவும் கெடுதலானது. அவ்விடத்தில் கொத்தாய் எழும் போத்துகள் உறுதியற்றவை, அடுத்த காற்றிலேயே பிய்ந்து விழும்.

பருத்த கிளையை ஒரே வெட்டில் தள்ளினால், அது தன் பாரத்தாலேயே முறிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிமரத்திற்கு ஓர் அடி தள்ளிக் கிளையின் கீழ்ப்புறத்தில் மூன்றிலொரு பங்கு ரம்பத்தால் அறுத்து, பின்பு அதற்குச் சற்று வெளியே மேற்புறமிருந்து அறுக்க வேண்டும். மீந்த கட்டையை, கிளையடியில் புடைத்துள்ள பட்டை சிதையாமல் ஒட்ட அறுத்தால் காயம் விரைவில் மூடும். காயத்தின்மேல் போர்டோ பசை தடவலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை மற்றோர் அரை லிட்டரிலும் கரைத்துக் கலந்தால் பசை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் இதற்கு உதவாது.

தென்னைக்கு இம்முறை பொருந்தாது. அதற்குக் குருத்து ஒன்றே. பச்சை மட்டைகளை வெட்டுவது மரத்தை இளைக்கச் செய்யும். காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் இறக்கிப் பாரத்தைக் குறைத்தால் போதும்.

கோடையில் நீர் நிற்கக் கட்டிய வட்டப்பாத்திகளை மழைக்கு முன் வெட்டிவிட மறக்கலாகாது. ஊறி இளகிய மண்ணில் வேர் பிடிப்பை இழக்கும். இளம் ஒட்டுக் கன்றுகளுக்குச் சவுக்குக் கொம்பு நாட்டி, தண்டில் பதியாதபடி கயிற்றைத் தளர்வாகக் கட்டுக.

இவ்வளவு செய்தும் இளமரம் சாயுமாயின், ஒருபுறத்து வேர்கள் அறாதிருந்தால் அதனை வெட்ட வேண்டாம். வெளிப்பட்ட வேர்களை ஈரச்சாக்கால் மூடி, கிளைகளில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டொரு நாளுக்குள் நிமிர்த்தி மண் அணைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்.