பணியும் ஜெபமும்: திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் முன்வைக்கும் விடை

உலகக் கவலைகளுக்கு நடுவே இறைவனோடு ஒன்றியிருப்பது எவ்வாறு என்னும் வினா கிறித்தவ ஆன்மிகத்தில் மிகப் பழமையானது. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசுவின் காலடியில் அமர்ந்த மரியாளும், பற்பல வேலைகளால் கலங்கிய மார்த்தாளும் இவ்வினாவின் இரு முகங்களாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளனர். எகிப்தியப் பாலைநிலத் துறவியர் ஊரைவிட்டு விலகுவதையே விடையாகக் கண்டனர். திமிரி உள்ளிட்ட பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் வேறொரு விடை உருவாயிற்று.

மருத்துவர்களான சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்தினரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். முன்னவர் பெரியண்ணன் எனவும் பின்னவர் சின்னண்ணன் எனவும் அழைக்கப்பெற்றனர். (ஆளும் இனத்தைச் சார்ந்தவர் 'சின்ன'வராக அமைந்தமை அக்காலச் சூழலில் சிறு செய்தியன்று.) மணவாழ்வு துறந்து, கதர் உடுத்தி வாழ்ந்த இருவரும் ஏழை எளியோர்க்கான மருத்துவத்தைத் தம் முதன்மைப் பணியாகக் கொண்டனர்.

சிக்கல் இங்குதான் எழுகிறது. நோயாளி வேளை பார்த்து வருவதில்லை. ஜெபவேளையில் வருபவர் இடையூறா, அழைப்பா? நோயுற்றோரைக் கவனித்தது தம்மையே கவனித்ததாகும் என்று இயேசு உரைக்கும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தின்படி நோக்கினால், கவனச்சிதறல் எனக் கருதப்படுவதே இறைவனின் வருகையாகிவிடுகிறது. ஆயினும் பணியே ஜெபம் எனக் கூறி ஆசிரமத்தார் அமைந்துவிடவில்லை. திராவிடக் கோயிற்கட்டடப் பாணியில் ஜெபாலயம் ஒன்றையும் எழுப்பினர். பணி மட்டுமே போதுமெனின் அக்கட்டடம் வேண்டுவதன்று. மார்த்தாளை நோக்கிய கண்டிப்பு அவளது உழைப்பைச் சுட்டவில்லை, உழைப்பினூடே எழுந்த கலக்கத்தையே சுட்டியது என்னும் வாசிப்பைக் கொண்டே ஜெபாலயமும் மருத்துவப் பணியும் ஓர் ஆசிரமத்திற்குள் இணைந்தமையை விளங்கிக்கொள்ள இயலும்.