லடாக் வீடுகளுக்குள் வெயில் வந்த விதம்

நம் ஊரில் வீடு கட்டுகிறவருக்கு வெயிலை எப்படித் தடுப்பது என்பது கவலை. லடாக்கின் லே நகரில் கவலையே வேறு: அதை எப்படி உள்ளே இழுப்பது? கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம். ஜனவரி இரவில் மைனஸ் 20 சாதாரணம். விடிந்தால் மேகமே இல்லாத வானம், சுள்ளென்ற வெயில்.

பழைய லடாக்கி வீட்டில் கீழ்த்தளம் தொழுவம். அடிச்சுவர் கல், மேலே வெயிலில் காயவைத்த தடித்த மண்கல். வடக்குச் சுவரில் பெரும்பாலும் ஜன்னல் கிடையாது. பாப்லர் உத்தரங்களின் மேல் வில்லோ குச்சிகளைப் பரப்பி, புல் போட்டு, மண்ணை மெத்தினால் கூரை. அதன் விளிம்பில் தீவனமும் விறகும் அடுக்கி வைப்பார்கள். குளிர்காலக் கையிருப்பே குளிருக்குத் தடுப்பும் ஆகும். கடுங்குளிர் வந்தால் குடும்பம் மொத்தமும் ‘சான்சா’ என்ற அடுக்களைக்குள் ஒடுங்கிவிடும். வரட்டி எரியும் அடுப்பு, சுவரில் பளபளக்கும் பித்தளை, செம்புப் பாத்திரங்கள், தரையில் விரிப்பு. சமையல், சாப்பாடு, நூல் நூற்பு, தூக்கம் எல்லாம் அங்கேதான்.

இந்த வீட்டைச் சூரிய வெப்பக் கட்டடக்கலையின் உச்சம் என்று புகழ்கிறவர்கள் அடுப்புப் புகையை மறந்துவிடுகிறார்கள். அந்த வீடு சூட்டைக் காப்பாற்றியது, சரி. வெயிலிடமிருந்து அது வாங்கியது கொஞ்சம்தான். வாங்குவதற்குக் கண்ணாடி வேண்டும். கணவாய்களைத் தாண்டிக் குதிரை முதுகில் உடையாமல் வந்து சேர வேண்டிய பொருள் அது.

1960களில் ஸ்ரீநகர் சாலை வந்தது, லாரி வந்தது, கண்ணாடியும் வந்தது. 1970களின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் பெயரால் வழங்கும் சுவர் லடாக்கில் அறிமுகமானது. தெற்குச் சுவருக்குக் கறுப்பு பூசி, சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்த வேண்டும். இடையில் சூடாகும் காற்று சுவரின் மேல் துளை வழியாக அறைக்குள் நுழையும். அறையின் குளிர்ந்த காற்று கீழ்த்துளை வழியாக வெளியேறிச் சூடாகப் போகும். இருட்டியதும் துளைகளை மூடிவிட வேண்டும். பகலில் குடித்த சூட்டைச் சுவர் இரவில் மெல்லக் கக்கும். மண்சுவர் ஏற்கெனவே இருந்த ஊருக்கு இது கச்சிதமான ஒட்டு. குளிர்கால நண்பகலில் சூரியன் 32 பாகை உயரமே ஏறுவதால் வெயில் கண்ணாடியில் நேராக விழும். கோடையில் 79 பாகைக்கு ஏறிவிட, கூரை நீட்டலே நிழல் தந்துவிடும்.

இன்று லேயில் புது வீடென்றால் தெற்கே ‘ஷெல்காங்’ என்ற கண்ணாடி அறை இருக்கும். ஜனவரி நண்பகலிலும் அங்கே ஸ்வெட்டரைக் கழற்றலாம். சிக்கல் பின்னால் இருக்கும் சுவரில். பல இடங்களில் அது மெல்லிய கான்கிரீட். மண்ணைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். மதியம் சேர்ந்தது முன்னிரவிலேயே போய்விடும். பிறகு புகாரி அடுப்போ கேஸ் ஹீட்டரோதான். கண்ணாடியைக் கற்றுக்கொண்ட கையோடு மண்ணை விட்டது வீண் நஷ்டம் என்றே சொல்வேன். மண் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகி, சிமெண்ட் மூட்டை கௌரவமாகிவிட்ட பிறகு வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

இரண்டையும் சேர்த்தவர்கள் உண்டு. 1988-இல் தொடங்கிய செக்மோல் என்ற கல்வி அமைப்பின் ஃபே கிராம வளாகத்தில் தடித்த மண்சுவர்கள் தெற்கு பார்த்து நிற்கின்றன. குளிர்காலத்தில் அவற்றின் முன் பிளாஸ்டிக் தாள் கட்டிப் பசுமைக்குடில் ஆக்குகிறார்கள். கோடை வந்ததும் கழற்றிவிடுகிறார்கள்.