குவாண்டம் தாவல் பெரியதா, சிறியதா?

ஆங்கில நாளிதழ்களில் ‘குவாண்டம் லீப்’ என்னும் தொடரை அடிக்கடி காணலாம். லீப் என்றால் தாவல். ஒரு துறை திடீரெனப் பெரும் முன்னேற்றம் கண்டால் இவ்வாறு குறிப்பிடுவர். இதைப் படித்துப் பழகிய என் மாணவர் ஒருவர், ‘எலெக்ட்ரான் வெகு தூரம் தாவுவதே குவாண்டம் தாவல்’ என்று தேர்வில் எழுதிவிட்டார். மதிப்பெண் போயிற்று. அவர் செய்த பிழைதான் என்ன?

குவாண்டம் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘எவ்வளவு’ என்று பொருள். 1900-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பிளாங்க், சூடான பொருள்கள் ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாக வெளியிடுவதாகக் கொண்டு கணக்கிட்டார். 1913-இல் டென்மார்க் அறிஞர் நீல்ஸ் போர் இக்கருத்தை அணுவுக்குப் பயன்படுத்தினார். அணுவிலுள்ள எலெக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளே உண்டு என்றார் அவர். படிக்கட்டில் முதற்படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். ஒன்றரையாம் படி என்பது இல்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

ஹைட்ரஜன் அணுவை எடுத்துக்கொள்வோம். போரின் கணக்குப்படி முதல் பாதையின் ஆரம் 0.053 நானோமீட்டர்; இரண்டாவதன் ஆரம் 0.212 நானோமீட்டர். இடைவெளி, தலைமயிரின் தடிமனில் சில இலட்சத்தில் ஒரு பங்குதான்! எலெக்ட்ரான் மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கினால், 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. வட்டப்பாதைகளை இன்றைய குவாண்டம் இயக்கவியல் ஏற்பதில்லை. ஆற்றல் நிலைகளோ நிலைத்துவிட்டன.

ஆக, இயற்பியலில் குவாண்டம் தாவல் மிக மிகச் சிறியது. அப்படியானால் ஆங்கிலத் தொடர் தவறா? முற்றிலும் தவறு என்று சொல்வதற்கில்லை. தாவலின் அளவை அது விட்டுவிட்டது. இடையில் தங்குமிடம் இல்லை என்னும் தன்மையைப் பற்றிக்கொண்டது. 1947-இல் உருவான டிரான்சிஸ்டரை அவ்வாறு புகழ்வது பொருந்தும். அது செம்மைப்படுத்தப்பட்ட வெற்றிடக் குழாய் அன்று. முற்றிலும் வேறு வகைச் சாதனம். ஆனால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பெருகும் உற்பத்தியை அப்படி அழைத்தால், அங்கே தாவலே இல்லை.

எனவே மாணவர்களே, நாளிதழில் இத்தொடரைக் கண்டால் ‘திடீர்ப் பெருமுன்னேற்றம்’ என்று கொள்ளுங்கள். விடைத்தாளில் எழுதும்போது மட்டும் தூரத்தை மறந்து, ஆற்றல் நிலைகளை நினையுங்கள்.